ராணி கூவிய வாரம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவிடமிருந்து எடுத்தது. திங்கட்கிழமை விடிகாலையில் போன் செய்தாள்.

"ராணி கூவிட்டாடா!"

ராணி அவள் வீட்டுக் குட்டைக் கோழி. மூன்று வாங்கினாள். மூன்றும் பெட்டை என்றுதான் விற்றவர் சொன்னார். ஒவ்வொன்றும் இரு கைக்குள் அடங்கும். தூக்கினால் கண்ணை மூடிக்கொள்ளும் சாதுக்கள். பெட்டை கூவிப் பொழுது விடியாது என்பார்கள். அன்று விடிந்துவிட்டது.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: "விதி அந்த வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று—"

வேண்டாம். ராணி ஏறி நின்றது செருப்பு அலமாரிமேல்.

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊரார் எலும்பையெல்லாம் பார்ப்பவளுக்கு மடியில் கிடந்தது சேவல் என்று தெரியவில்லை.

கீழ்வீட்டில் கைக்குழந்தை. ராணி கூவினால் அது வீறிடும். வியாழனன்று கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அத எங்கயாச்சும் அனுப்பிடுங்க. என்னால முடியல."

(அவளைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் ஜோடி மாறிய செருப்போடு வந்து நின்றாளாம். தூக்கம் கெட்டவளை எப்படித் திட்டுவது?)

3

அன்று மாலை அக்காவின் ஏழு வயது மகள் சுண்டு, ராணியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"ஆன்ட்டி, கொஞ்ச நேரம் வெச்சிருங்க. அப்புறமா சொல்லுங்க."

ராணி கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரியின் மடியில் அமர்ந்தது. அவள் முதலில் தொடவில்லை. பிறகு முதுகில் கை வைத்தாள்.

"சூடா இருக்கே" என்றாள். "எதையும் கேக்காம ஒண்ணு எம் மடில உக்காந்து எத்தனை நாளாச்சு!" அழுதுவிட்டாள்.

இங்கேயே முடித்திருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் வெள்ளிக்கிழமை விடிகாலையில் ராணி மறுபடி கூவியது. குழந்தை வீறிட்டது. கீழ்வீட்டுக்காரி மேலே வரவில்லை.

அக்காவை அரிப்பது அதுதான். "வந்து திட்டினா தேவலடா. பொறுத்துக்கிறாளே! இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் இத வளக்கிறது?"

4

முடிவு ஒன்று: ஊருக்கு வெளியே, கோழிகளை நேசிக்கும் தோட்டக்காரர் ஒருவர். (நான் உண்டாக்கியவர். "அவரு விலாசம் குடு மாமா, நான் போய்ப் பாக்கணும்" என்றாள் சுண்டு. என்னிடம் இல்லை.)

முடிவு இரண்டு: குழந்தை கூவலுக்குப் பழகி, பிறகு கூவல் கேட்டால்தான்—

இந்த வாக்கியத்தின் நடுவில் போன் அடித்தது. இன்று சனிக்கிழமை.

"எழுதிட்டியா?"

"முடிவு வரலக்கா."

"எனக்கும்தான் வரல. காலைல வா. கூடை ஒண்ணு எடுத்துட்டு வா." மூச்சு விடும் சத்தம். "இல்லடா... சும்மாவே வா."

வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

காய்கறிக் கூடையைக் காலி செய்து, பழைய துண்டு விரித்து, வாசற்படியில் வைத்திருக்கிறேன். காலையில் கதவைப் பூட்டும்போது அது உள்ளே இருக்கட்டுமா, என் கையில் இருக்கட்டுமா?

நீங்கள் சொல்லுங்கள். சொல்லும் முன் அந்தக் கீழ்வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிவிட்டு வாருங்கள்.