எதிரணி வரிசையில் நின்ற காளை

ரக்பி சம்மேளனத்தின் அருங்காட்சியகம் என்று வாசலில் பெரிதாகப் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே போனால் இரண்டாவது மாடியில் ஒரே ஒரு நீள அறை, நான்கு கண்ணாடிப் பெட்டிகள். லிஃப்ட் கிடையாது. முட்டி தேய்ந்த பழைய ஆட்டக்காரர்களை வரவழைக்கிற இடத்தை எந்தப் புண்ணியவான் இப்படிக் கட்டினானோ என்று காளையின் மனைவி படியேறும்போதே முணுமுணுத்தாள்.

காளை என்பது அவள் கணவருக்கு ஊர் வைத்த பெயர். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் கண்டத்து நாடுகள் மோதும் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், மேலே தொற்றிக்கொண்ட எதிரணிக்காரர்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போய் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினார். நாட்டுக்குக் கிடைத்த ஒரே கோப்பை அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அன்றோடு எல்லோரும் மறந்துபோனார்கள்.

அவளுக்கு அந்த நாளில் இன்னொரு பங்கும் உண்டு. அன்று சாயங்காலம், மைதானத்துக்கு வெளியே பஸ்ஸின் பக்கத்தில், சேறு காயாத சட்டையோடு நின்று, ஏற்கெனவே பழகிவந்த அவளிடம் அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். பத்தே நிமிடத்தில் மூன்று தடவை கேட்டார். வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துப் பெட்டி கட்டி வைத்திருந்தவள், மறுநாள் காலை அவருடைய ஹோட்டலுக்கே போய்ச் சரி என்றாள். பிறகு இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள். மூன்று தடவை கேட்ட கதையை அவள் சொல்லாத விருந்து இல்லை. சொல்லும்போதெல்லாம் காளை தட்டைப் பார்த்துச் சிரிப்பார். மனுஷனுக்குக் கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும்தான்.

காப்பாட்சியர் முப்பது வயதுப் பெண், மூச்சுவிடாமல் பேசுகிறவள். முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்துப் பக்கத்து நாடுகள் நான்கு சேர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய போட்டிதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. அந்தக் காலத்தில் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க ஒரு முயற்சிக்கு உரிமை கிடைக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அதற்கு ‘ட்ரை’ என்று பெயர். உலகக் கோப்பை வந்ததோ 1987இல். இன்றைக்கும் அதன் முதல் ஆட்டத்தை நூறு வயது தாண்டிய ஒரே பழைய விசிலை ஊதித்தான் தொடங்குகிறார்கள்.

காளையின் மனைவிக்கு விசில் கதை பிடித்திருந்தது. எண்பது நிமிடம் ஒருத்தரை ஒருத்தர் உடைப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். உடைந்த எலும்பெல்லாம் திங்கட்கிழமை காலை அவளுடைய மேஜைக்குத்தான் வரும். இருந்தாலும், கடைசியில் தோளில் விழும் அந்தக் கைக்காகவே அவள் இத்தனை வருடமாக ஒரு கோப்பை விடாமல் பார்த்திருக்கிறாள்.

கண்காட்சிக்கு வேண்டியது கேமராவில் விழாத விஷயங்கள் என்று சொல்லி, காப்பாட்சியர் காளைக்கு முன்னால் மைக்கை வைத்தாள். அவர் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். எல்லாம் வழக்கமான கதைதான். டிவியில் தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தோண்டித் தோண்டிக் கேட்டும் பயனில்லாமல், காப்பாட்சியர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். எதிரணி ரசிகர் ஒருவர் அன்று எதிர்ப்பக்கத்து இருக்கையிலிருந்து எடுத்த வீடியோ போன மாதம்தான் கிடைத்ததாம்.

இரண்டாவது பாதியின் தொடக்கம். குவியலாக விழுந்தவர்களில் யாரோ ஒருவனின் முட்டி காளையின் நெற்றிப்பொட்டில் இடித்தது. கொஞ்ச நேரம் கிடந்தார். எழுந்தார். கால்களை அகட்டி அகட்டி வைத்து நடந்துபோய் எதிரணியின் வரிசையில் நின்றுகொண்டார். அவர்களுடைய கேப்டன் இவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, காதில் ஏதோ சொல்லி, இந்தப் பக்கம் அனுப்பினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உங்க குறும்பு டிவியில வரவே இல்ல சார்," என்று காப்பாட்சியரும் சிரித்தாள். "காதுல என்ன சொன்னாரு?"

காளை சிரிக்கவில்லை.

அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நடையை அவள் அறிவாள். பைக்கிலிருந்து விழுந்தவர்கள், மாடிப்படியில் உருண்டவர்கள் அப்படித்தான் அவளுடைய அறைக்குள் வருவார்கள். வந்து படுத்து, என் கண்ணாடி எங்கே என்று கேட்பார்கள். சட்டைப் பையில் இருக்கிறது என்று சொன்னால் தலையாட்டுவார்கள். இரண்டு நிமிடம் கழித்து, அதே குரலில், முதல் தடவை கேட்பதுபோல மறுபடியும் கேட்பார்கள். பிறகு மூன்றாவது தடவை.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க," என்றாள். "இதுக்கு அப்புறம் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

அவர் மைக்கைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஹோட்டல் ரூம்ல காலையில கண் முழிச்சது."

"அந்த ட்ரை?"

"டிவியில பாத்தேன். எல்லாரையும் மாதிரி."

காப்பாட்சியர் பதிவை நிறுத்தினாள். பஸ்ஸின் பக்கத்தில் நடந்ததைப் பற்றிக் கேட்க அவர் மனைவிக்குத் துணிவு வரவில்லை. கேட்காமலேயே அவர் சொன்னார்.

"நீ வந்து சரின்னு சொன்ன. எதுக்கு சரின்னு புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டேன். எதுக்குன்னு கேட்டா, நீ பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவியே."

இருபத்தெட்டு வருடம். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. தான் பெருமையாகச் சொல்லித் திரிந்தது ஒரு நோயாளியின் உளறலையா? ஊரார் எலும்புக்குள் எல்லாம் பார்த்தவள், பக்கத்தில் படுத்திருந்த தலைக்குள் பார்க்கவில்லை. அந்த எண்ணம் வந்ததும் ஆத்திரம் போய்ப் பயம் பிடித்தது.

"மூணு தடவை கேட்டீங்க," என்றாள்.

காளை மைக்கைத் தள்ளி வைத்தார். "மூணு தடவையும் உன்கிட்டதானே கேட்டேன்? வேற யார்கிட்டயும் போய்க் கேக்கலையே?"

அவள் அவரையே பார்த்தாள். அடிபட்டவர்கள் கண்ணாடியைக் கேட்பார்கள், குழந்தையைக் கேட்பார்கள். மனதில் எது மேலே கிடக்கிறதோ அதைத்தான் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பயம் விடவில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. தலையை ஸ்கேன் எடுக்கணும்," என்றாள். அவர் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினார்.

காப்பாட்சியர் கதவு வரைக்கும் வந்து, தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்கள்.

முதல் மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். "நாளைக்கு எத்தனை மணிக்குன்னு சொன்ன?"

"எட்டு."

கீழே வந்து, கார் கதவைத் திறந்து அவரை உட்காரவைத்தாள். பெல்ட்டைக் குனிந்து மாட்டிவிட்டபோது அவர் அவள் கையைத் தொட்டார். "நாளைக்கு எங்கேயோ போகணும்னு சொன்னியே. எத்தனை மணிக்கு?"

அவர் குரலில் முதல் தடவை கேட்கிற அதே ஆர்வம் இருந்தது. அவள் குனிந்தபடியே நின்றாள்.

"எட்டு மணிக்குங்க," என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.