நீந்திப் போன ஆள்

கணவன் காயாரோகணம் கடலோடு போய்ப் பல வருடமாகியும் தனபாக்கியம் தாலியைக் கழற்றவில்லை. புயலில் படகு கவிழ்ந்தபோது கூட இருந்த கொழுந்தன் வீரமணி கரைக்கு வந்து சொன்ன ஒரே வார்த்தைதான் காரணம்.

"அண்ணன் நீந்திப் போறத என் கண்ணால பாத்தேன் அண்ணி. அதே சிவப்புச் சட்டை."

நீந்தியவர் எங்காவது கரையேறியிருப்பார். இலங்கைச் சிறையிலிருந்து மீனவர்கள் விடுதலையாகி வரும்போதெல்லாம், பேராவூரணிச் சந்தையில் மீன்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

மகள் பூமிகாவுக்கு மல்லிப்பட்டினத்தில் வரன் அமைந்தது. நிச்சயம் பேச வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் செம்மொழியிடம் வீரமணி அந்தப் புயல் கதையைச் சொன்னான். செம்மொழி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு எங்க படகும் அங்கதான் கவுந்துச்சு. நானும் சிவப்புச் சட்டைதான் போட்டிருந்தேன். உங்க படகத் தாண்டித்தான் நீந்துனேன். நீங்க கை காட்டிக் கத்துனது கூட ஞாபகம் இருக்கு."

கை காட்டியதை வீரமணி யாரிடமும் சொன்னதில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சந்திரலேகா மெல்ல ஆரம்பித்தாள். "அப்படின்னா, பத்திரிகையில அமரர்னு போட்டுடலாமாங்க? இனிமேலும் எதுக்கு..."

தனபாக்கியத்துக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் அசந்து போயிருந்தது.

"அவர் உசுரோட இருக்கார்னு நான் நம்புனதுக்கு இருந்த காரணம் போயிடுச்சு. அதுக்காக அவர் செத்தது தெரிஞ்சதா ஆயிடுமா? நீந்துனது அவர் இல்ல. அவ்வளவுதானே இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

"அப்ப இருக்கார்ங்கறீங்களா?" என்றாள் சந்திரலேகா.

"அதுவும் சொல்லத் தெரியலங்க. முந்தி நம்புனேன். இப்ப நம்பவும் முடியல, விடவும் முடியல. பேர மட்டும் போடுங்க, முன்னால ஒண்ணும் வேண்டாம். வீரமணியும் கலைமகளும் மணையில நின்னு தாரை வாத்துக் கொடுக்கட்டும்."

வீரமணியின் மனைவி கலைமகள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வீரமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"விடு தம்பி. நீ பாத்தத நீ சொன்ன," என்றாள் தனபாக்கியம்.

சந்திரலேகா செம்மொழியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் குங்குமச் சிமிழோடு நின்ற பெண் தனபாக்கியத்தைக் கண்டதும் கையை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கினாள். தனபாக்கியம் அவளைச் சங்கடப்படுத்தவில்லை. தானே விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.