இரண்டாம் வகுப்பு ஜட்ஜ்

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வருஷத்துக்கு ஒருநாள் இந்தக் கூத்து உண்டு. பெரியவர்களானதும் என்ன ஆகப்போகிறோம் என்று பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு டாக்டர், ஒரு போலீஸ், ஒரு பைலட், மறுபடியும் ஒரு டாக்டர். அப்பா எழுதி அம்மா உருப்போட வைத்த நாலு வரி இங்கிலீஷை மூச்சு விடாமல் ஒப்பிக்கும்; நடுவில் மறந்துபோனால் ஓவென்று அழும். பெற்றோர் கைதட்டி, போட்டோ எடுத்து, வாடகைக் கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேருவார்கள். உனக்கு நிஜமாகவே என்ன ஆசை என்று அந்தக் குழந்தையைக் கேட்க எவருக்கும் தோன்றாது.

ஜஹீதாவுக்குத் தோன்றியது. அங்கேதான் பிடித்தது வினை.

ஜஹீதா மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். திருவல்லிக்கேணியிலிருந்து தினமும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவள். குழந்தைகள் என்றால் உயிர். புதுசாக எதையாவது செய்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

“இந்த வருஷம் மனப்பாடம் கிடையாது” என்றாள் வகுப்பில். “யாருக்கு எந்த வேலை பிடிக்குதோ, அதை மேடையில செஞ்சே காட்டணும். கூட்டத்துல உக்காந்திருக்கறவங்கள்ல யாரையாவது கூப்பிட்டு, அவங்களுக்கு அந்த வேலையைச் செய்யணும். நெசமா எப்படிச் செய்வாங்களோ, அப்படியே. புரிஞ்சுதா?”

வகுப்பே குதித்தது. ஷ்ரவண் டாக்டர். அதில் ஆச்சரியமில்லை, அவன் வீட்டில் எல்லாரும் டாக்டர். செம்பியன் எழுந்து, “நான் லிஃப்ட் ஓட்டுவேன் மிஸ்” என்றான்.

“லிஃப்டா? ஏன்டா?”

“பட்டனை அமுக்கினா எல்லாரும் மேல போய்க்கினே இருப்பாங்க. அவரு மட்டும் ஜாலியா ஸ்டூல்ல உக்காந்துக்கினு இருப்பாரு மிஸ்.”

ஜஹீதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதுவல்லவா ஆசை! கடைசியாக ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஸஹானா எழுந்தாள். அதிகம் பேசாத குழந்தை. இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும்.

“நான் ஜட்ஜ் மிஸ்.”

“அட! ஏம்மா?”

“ஜட்ஜ் சொன்னா எல்லாரும் கேக்கறா மிஸ். அப்பாகூட. அம்மாகூட.”

ஜஹீதா பூரித்துப்போனாள். டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஏழு வயசுப் பெண்ணுக்கு நீதிபதி ஆகவேண்டுமாம்! டீச்சர்கள் அறையில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே எல்லாரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸஹானாவின் அப்பா ஜெயராமும் அம்மா நீரஜாவும் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். குழந்தை யாரிடம் இருப்பது என்பதுதான் வழக்கு. தீர்ப்பு வரும்வரை ஸஹானா அம்மாவோடு மயிலாப்பூரில் இருக்கவேண்டும். சனிக்கிழமைதோறும் அப்பா கோர்ட்டுக் கட்டிடத்தில் ஓர் அறையில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஏற்கெனவே ஒருமுறை நீதிபதியம்மா குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருந்தார். மறுபடியும் விசாரிக்க ஒரு வியாழக்கிழமையைக் குறித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. “அவருக்குப் பெருங்குடியில ஆபீஸ், அங்கேயே தங்கிடறார்” என்று நீரஜா அட்மிஷன் அன்றைக்கே சொல்லிவைத்திருந்தாள். மயிலாப்பூரிலிருந்து பெருங்குடி என்ன டெல்லியா, தினம் வந்துபோக முடியாதா என்று ஜஹீதாவும் கேட்டுக்கொள்ளவில்லை. பெண்களின் சங்கடத்தைத் தோண்டக்கூடாது என்று ஒரு மரியாதை.

ஒத்திகையில் குழந்தையே காட்டிக்கொடுத்தது. ஜஹீதா அட்டையில் சுத்தியல் ஒன்று செய்து, மேலே பளபளவென்று பேப்பர் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

“இது வேண்டாம் மிஸ்” என்றாள் ஸஹானா. “ஜட்ஜ்கிட்ட சுத்தியல்லாம் கிடையாது.”

“சினிமால தட்டுவாங்களேம்மா, ஆர்டர் ஆர்டர்னு?”

“தட்ட மாட்டா. கம்ப்யூட்டர் இருக்கும். பக்கத்துல ஒரு மாமி டைப் அடிச்சிண்டிருப்பா. ஜட்ஜ் மெதுவாதான் பேசுவா. சாக்லேட் தருவா.”

எவ்வளவு விவரம் பாருங்கள் என்று ஜஹீதா அதற்கும் பூரித்தாள். சினிமா பார்த்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடியாதே, இந்தக் குழந்தை நிஜ ஜட்ஜை எங்கே பார்த்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கிறவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தை யார் கொடுப்பார்கள்?

விழா அறிவிப்பு வகுப்பின் வாட்ஸப் குழுவில் போனது. எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது கொடுத்த இரண்டு நம்பரும் அந்தக் குழுவில் அப்படியே இருந்தன. கோர்ட்டும் வக்கீலும் சேர்ந்து பிரித்துவைத்த புருஷனையும் பெண்டாட்டியையும் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழு ஒரே ஹாலுக்குக் கூட்டிவந்தது.

நீரஜா முன்வரிசையில் இருந்தாள். ஜெயராம் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்தான். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

விழா ஜோராகத்தான் ஆரம்பித்தது. ஷ்ரவண் தன் தாத்தாவைக் கூப்பிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்து, “மாமா, ஸ்வீட்டை நிறுத்துங்கோ” என்று டாக்டர் தோரணையில் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செம்பியன் கரஸ்பாண்டன்ட் ஸ்ரீனிவாசராகவனையே லிஃப்டில் ஏற்றி மூன்றாவது மாடியில் இறக்கிவிட்டான். ஜஹீதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஸஹானா வந்தாள். கறுப்புக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வாடகைக் கடையில் மந்திரவாதிக்குக் கொடுக்கிற கோட்டுதான் ஜட்ஜுக்கும். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டாமல் நிறுத்திக்கொண்டாள்.

“அம்மா வாங்கோ. அப்பா நீங்களும் வாங்கோ.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வராமல் இருக்க முடியுமா? நீரஜா முந்தானையைச் சரிசெய்தபடி மேடை ஏறினாள். ஜெயராம் தூணிலிருந்து நடந்து வந்தான். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள்.

“பயப்படாதேங்கோ” என்றாள் ஸஹானா, மெதுவான குரலில். “யாரும் திட்ட மாட்டா. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லலாம். அம்மா, உங்களுக்கு உங்க அம்மாவைப் பிடிக்குமா, உங்க அப்பாவைப் பிடிக்குமா?”

கூட்டம் சிரித்தது. நீரஜாவும் சிரிக்கப் பார்த்தாள். “ரெண்டு பேரையும் பிடிக்கும்டா கண்ணா.”

“அப்படிச் சொல்லக் கூடாது. ஒருத்தர் பேர்தான் சொல்லணும். அவாகூடத்தான் இருக்கணும். இன்னொருத்தரை சனிக்கிழமை மட்டும் பார்க்கலாம்.”

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. சிலர் இன்னும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, நீங்க சொல்லுங்கோ. உங்க அம்மாவா, அப்பாவா?”

ஜெயராம் அடையாள அட்டையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அழக் கூடாது” என்றாள் ஸஹானா அம்மாவைப் பார்த்து. “அழுதா வெளியில கூட்டிண்டு போயிடுவா. யோசிச்சுச் சொல்லணும். இன்னிக்கு முடியலைன்னா பரவாயில்லை. அடுத்த மாசம் மறுபடி வாங்கோ.”

அவ்வளவுதான். கோட்டுப் பைக்குள் கையை விட்டு இரண்டு சாக்லேட் எடுத்தாள். ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனாள். பெற்றவர்களைத் தலைகுனிய வைக்கும் குறும்பெல்லாம் அந்தக் குழந்தைக்குக் கிடையாது. நிஜமாக எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்யச் சொன்னார் மிஸ். தான் பார்த்த ஜட்ஜ் என்ன செய்தாரோ அதை அவள் செய்தாள்.

ஹாலில் ஒருவரும் கைதட்டவில்லை. ஜஹீதா மேடைப் படியிலேயே நின்றுவிட்டாள். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்!

கூட்டம் கலைவதற்குள் ஒரு புண்ணியவதி அந்த வீடியோவைக் குழுவில் போட்டு, நாலு இதயமும் சேர்த்து வைத்தாள். சாயங்காலத்துக்குள் அது இரண்டு வக்கீல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமைச் சந்திப்பில் அப்பாதான் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தார் என்றார் அம்மாவின் வக்கீல். அம்மாவும் பள்ளிக்கூடமும் கூட்டுச் சேர்ந்து தயார்செய்தார்கள் என்றார் அப்பாவின் வக்கீல். குழந்தை கண்டதைத்தான் செய்தது என்று சொல்ல ஒரு வக்கீலும் இல்லை. அவளுக்கென்று யாரும் வக்கீல் வைக்கவில்லையே!

வக்கீல்கள் பள்ளிக்கூடத்துக்கும் போன் செய்ததில் வழக்கு விவரமெல்லாம் அங்கேயும் தெரிந்துபோனது. ஸ்ரீனிவாசராகவன் ஜஹீதாவைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் உட்காரச் சொல்லியும் ஜஹீதா உட்காரவில்லை.

“ஏம்மா, நாலு வரி ஒப்பிச்சுட்டுப் போனா போறாதா? டாக்டர், போலீஸ்னு அழகா வந்துட்டுப் போயிருக்கும்.”

“சார், அந்தக் குழந்தையை மறுபடியும் வர்ற வியாழக்கிழமை கூப்பிட்டுக் கேக்கப்போறாங்களாம் சார். யார் வேணும்னு. நாம ஏதாவது பண்ணணும்.”

“நாம என்னம்மா பண்ண முடியும்? அது கோர்ட்டு. நீங்க இதுல தலையிடவே கூடாது, சொல்லிட்டேன்.”

ஜஹீதா தலையிட்டாள். மனசு கேட்டால்தானே? மறுநாள் வாசலில் நீரஜாவை நிறுத்தினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்குத் தெரிஞ்சிருந்தா மேடையில ஏத்தியிருக்கவே மாட்டேன். ஆனா அவ அந்தக் கேள்வியைத்தான் தூக்கிக்கிட்டுத் திரியறா. அதை மட்டும் அவகிட்ட கேக்காம பண்ண முடியாதா?”

நீரஜாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கண்தான் கலங்கியது.

“எனக்கு மட்டும் ஆசையா மிஸ்? போன தடவை ஆத்துக்கு வந்து ராத்திரி பூரா வாந்தி எடுத்தா. நானா கேக்கச் சொன்னேன்? அவர் கேஸை வாபஸ் வாங்கட்டும். அந்த நிமிஷமே எல்லாம் நின்னுடும்.”

ஜஹீதா ஜெயராமுக்குப் போன் செய்தாள். அவன் இரைந்துகொண்டிருந்த ஆபீஸிலிருந்து வெளியே வந்து பேசினான்.

“வாபஸா? நான் வாபஸ் வாங்கினா அந்த சனிக்கிழமையும் போயிடும் மிஸ். அப்புறம் என் பொண்ணு மூஞ்சியை நான் வாட்ஸப்லதான் பார்க்கணும். அவளை நிறுத்தச் சொல்லுங்கோ. அவ ஒத்துண்டு ஒரு வார்த்தை பேசினா, குழந்தையைக் கேக்கவே வேண்டாமே.”

“அவங்களும் இதையேதான் சொல்றாங்க சார்.”

“சொல்லுவா” என்றான். “அன்னிக்கு மேடையில என்ன பதில் சொல்லியிருக்கணும் மிஸ் நான்? நீங்களே சொல்லுங்கோ.”

ஜஹீதா போனை வைத்தாள். இரண்டு பேரும் கொடுமைக்காரர்களாக இருந்தால்கூடத் தேவலை, வாயாரத் திட்டிவிட்டுப் போகலாம். இரண்டு பேருமே அந்தக் குழந்தைமேல் உயிரை வைத்திருந்தார்கள். அதனால்தான் ஒருவரும் கையை எடுக்கமாட்டேன் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு எல்லாரும் போய்விட்டார்கள். நீரஜாவுக்கு மெட்ரோ வேலை நடக்கிற தெருவில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. வகுப்பில் ஜஹீதாவும் ஸஹானாவும் மட்டும் இருந்தார்கள். அவிழ்ந்த பின்னலை ஜஹீதா பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“மிஸ், நான் நன்னா பண்ணேனா?”

“ரொம்ப நல்லா பண்ணேம்மா.”

“அப்புறம் ஏன் அம்மா அழுதா?”

“அம்மாவுக்கு உன்னைப் பார்த்து… சந்தோஷம்.” சொல்லும்போதே ஜஹீதாவுக்குத் தன் வாய்மேல் வெறுப்பு வந்தது.

ஸஹானா அதை நம்பினாளோ இல்லையோ, ரிப்பன் முடிச்சு விழுகிறவரை அசையாமல் இருந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

“நெஜமா ஜட்ஜ் ஆறதுக்கு என்ன படிக்கணும் மிஸ்?”

ஒரு டீச்சர் சந்தோஷமாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வி. இதற்காகத்தானே இத்தனை பாடும் பட்டாள்!

“ப்ளஸ் டூ முடிக்கணும். அப்புறம் சட்டக் காலேஜ். அப்புறம் கொஞ்ச வருஷம் வக்கீலா இருக்கணும். பரீட்சை எழுதணும்.”

“அப்போ எனக்கு என்ன வயசு ஆயிருக்கும்?”

“முப்பது கிட்ட இருக்கும்டா.”

“ரொம்ப சீக்கிரமா படிச்சா?”

“எவ்வளவு சீக்கிரம் படிச்சாலும் நாளாகும்மா. ஏன் இவ்ளோ அவசரம்?”

“நான் ஜட்ஜ் ஆயிட்டா, குழந்தைகள்கிட்ட அதைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிடுவேன் மிஸ். ஜட்ஜ் சொன்னா எல்லாரும் கேப்பாளே.”

ஜஹீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்டிப்பா சொல்லலாம்டா. நீ நல்லா படி. நிச்சயம் ஜட்ஜ் ஆவே.”

ஸஹானா அவளையே பார்த்தாள். இவ்வளவு பெரிய மிஸ்ஸுக்கு இதுகூடப் புரியவில்லையே என்பதுபோல் ஒரு பார்வை.

“அதுக்குள்ள வியாழக்கிழமை வந்துடுமே மிஸ்” என்றாள்.