தம்பிக்கு ஒத்துவந்த கருவி

அக்காவும் தம்பியுமாக நடத்திய அந்தச் சின்னக் கம்பெனி ஸ்மார்ட் கார்டுகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவந்தது. அதுவரை பேருந்துக் கார்டு, நூலகக் கார்டு என்று செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு சிறுநீரகச் சிகிச்சை மையத்தின் வேலை கிடைத்தது. ரத்தம் சுத்திகரிக்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. அவருக்கு எந்த மருந்து ஆகாது, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் சிப்பில் இருக்கும். நூலகத்தில் தவறு நேர்ந்தால் ஒரு மன்னிப்போடு போய்விடும். இங்கே அப்படி முடியாது. பழைய கருவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாள் அக்கா.

நிரலை எழுத வேண்டும், கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கார்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பிறகு நிஜக் கார்டில் ஏற்ற வேண்டும். இத்தனையும் செய்யும் இரண்டு கருவிகள் கடைசிவரை நின்றன. அவர்களோடு வேலை பார்த்த பெண்ணுக்கு ஒன்று ரொம்பப் பிடித்துப்போனது. அவள் விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து ‘முயல்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தான் தம்பி.

"பாருங்கக்கா, கார்டோட மெமரி முழுக்க கட்டம் கட்டமா தெரியுது. எங்க தப்போ அந்தக் கட்டம் சிவப்பாகுது. குழந்தைகூட கண்டுபிடிச்சிடும்," என்றாள்.

"எனக்கு வேணாம். மத்தது போதும். கட்டளை அடிச்சா பதில் வரி வரியா வருது. அதுல ஒரு அழகு இருக்கு," என்றான் தம்பி.

"கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. இதுல எங்கடா அழகைக் கண்டே?" என்றாள் அக்கா.

காரணம் கேட்டால் மழுப்பினான். விடாப்பிடியாகக் கேட்டால் எழுந்து போனான். கடைசியில் அவள் பொறுமை போய், "ரெண்டுலயும் ஒரே வேலையைச் செஞ்சு பாரு. அப்புறம் பேசு," என்று உத்தரவு போட்டாள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். வண்ணக் கட்டங்கள் கொண்ட கருவி திறந்திருந்தது. பொய்க் கார்டு நோயாளியின் எடையை வாங்கிக்கொள்ள மறுத்திருந்தது. திரையின் இடது ஓரத்தில் ஒரு கட்டம் செக்கச்சிவந்து கிடந்தது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. ஏன் ஓட மாட்டேங்குது?" என்று முணுமுணுத்தான் தம்பி.

"விளையாடாதடா" என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவன் கழுத்தைக் கவனித்தாள். இருட்டறையில் டார்ச் அடித்துத் தேடுகிறவனைப் போல, தலையை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போனான். வெகுநேரம் கழித்துத்தான் அவன் பார்வை அந்தச் சிவப்பில் போய் விழுந்தது.

அவன் சைக்கிள் ஓட்டுவதையே விட்டுவிட்டது, பக்கவாட்டில் நீட்டிய டம்ளரை வாங்காமல் போனது, முயலின் பையை மிதித்தது எல்லாம் வரிசையாக அவளுக்கு நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவனைத் திட்டியிருந்தாள்.

"வா, மொட்டை மாடிக்குப் போயிட்டு வரலாம்," என்றாள்.

மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவனே ஆரம்பித்தான். "பார்வை ஓரத்துலேர்ந்து குறைஞ்சுக்கிட்டே வருதுக்கா. நடுவுல நல்லாத்தான் தெரியுது. முழுசா போக ரொம்ப வருஷம் ஆகலாம், போகாமலும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னார்."

"என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"சொன்னா நீ அழுவே."

"நான் ஏன்டா அழறேன்?" என்றவள் அழுதாள். அவன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அது அழுக்காக இருந்ததைப் பார்த்து அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிவப்பு எனக்குத் தெரியும். எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ளதான் உசிர் போயிடுது. வரியா வந்தா ஒரே இடத்துல கண்ணை வெச்சுக்கலாம். நாளைக்கு அதுவும் முடியலன்னா கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லும். அந்தக் கட்டத்தையெல்லாம் அது படிக்காது. நான் பாத்துட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. இது நோயாளிங்க உசிர் சமாச்சாரம். தம்பிங்கறதுக்காக சொத்தைக் கருவியை எடுக்க மாட்டேன்."

"எடுக்காதே. சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

அவன் சம்மதத்தோடு அக்கா முயலிடம் விஷயத்தைச் சொன்னாள். "அதனாலதான் பையை மிதிச்சீங்களாண்ணா? அந்தக் கோவத்துல நான் உங்களோட பேசாமயே இருந்தேனே!" என்றாள் முயல்.

"பேசாம இருந்தியா? எப்போ?" என்று அவன் நிஜமாகவே கேட்டான். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

அக்கா காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கறுப்புத் திரைக் கருவியில் வேலை செய்து பார்த்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கார்டு ஒவ்வொரு கட்டளைக்கும் எண்களில் பதில் சொல்ல, கணினி அதைக் கடகடவென்று ஒப்பித்தது. கேட்கக் கேட்க, ஏற்றுக்கொண்ட பதில் எது, மறுத்த பதில் எது என்று காது பிரித்துக்கொண்டது. ஒரே ஒரு குறை இருந்தது. மெமரியில் எந்த இடம் தவறு என்று அந்தக் கருவி காட்டவில்லை. முயல் உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதிச் சேர்த்தாள். தவறு நேர்ந்தால், ‘எடை இருக்கும் இடம் நிரம்பி வழிகிறது’ என்று கணினி வார்த்தையிலேயே சொன்னது.

"இதை எடுத்துக்கலாம். முயல், உன் கட்டமும் இருக்கட்டும். தம்பி எழுதறதை நீ உன் கருவியில ஓட்டிப் பாரு. ரெண்டும் ஒரே பதில் சொன்னாதான் கார்டு வெளிய போகும்," என்றாள் அக்கா.

வேலை கொஞ்சம் தாமதமாகத்தான் முடிந்தது. மையத்தில் முதல் கார்டை வாங்கியவர் ஓய்வுபெற்ற ஓட்டுநர். நர்ஸ் அதை ரீடரில் செருகியதும், அவருக்கு ஆகாத மருந்தின் பெயர் திரையில் வந்து நின்றது. "என் பொண்டாட்டிகூட இதை மறந்துடுவா," என்று சொல்லிவிட்டு, கார்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு சிகிச்சைக்குப் படுத்தார் அவர்.

அக்காவும் தம்பியும் மையத்தைவிட்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. நடைபாதை ஓரத்தில் தம்பி தயங்கி நின்றான்.

"அக்கா, கையைக் குடு."

அவள் கொடுத்தாள். எதிர்ப்பக்கம் போன பிறகும் அவன் கையை விடவில்லை. நர்ஸ் கார்டைத் தலைகீழாகச் செருகினால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அவளும் சரிக்குச் சரி வாதாடிக்கொண்டு அவனோடு நடந்தாள்.