ஆரோக்கியமானவர்களின் வரிசை

செத்திருக்க வேண்டியவை சாகவில்லை. ரொவீனா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். நேற்றுக் காலை மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளையணுக்கள் எல்லாம் இரவோடு இரவாகச் சுருங்கி உதிர்ந்துபோயிருந்தன. நாலாம் எண் தட்டில் இருந்தவை மட்டும், விருந்து முடிந்தும் கிளம்ப மனமில்லாத விருந்தாளிகளைப் போல நன்றாக உட்கார்ந்திருந்தன. அதற்கு முந்தைய முறையும் இதே கதைதான். அதற்கு முன்பும் இதேதான்.

இந்த வகை வெள்ளையணுவுக்கு ஆயுள் குறைவு. காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வருவது அதுதான். கிருமியை விழுங்கும், வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் செத்துப்போகும். ஆனால் உடம்பில் எங்காவது அழற்சி அடங்காமல் கனன்றுகொண்டிருந்தால், இன்னும் கொஞ்சம் இரு என்று அதற்கு ஓயாமல் சேதி போகும். அதுவும் சாவைத் தள்ளிப்போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். தங்கினால் சும்மா இருக்குமா? காக்க வந்த வீட்டையே கொளுத்த ஆரம்பித்துவிடும். மெல்பர்னில் ரொவீனா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு வருஷக்கணக்காக இதே பிழைப்புதான். சாக மறுப்பவை எவை, அவற்றைக் கலவரமில்லாமல் அனுப்பிவைக்கும் மருந்து எது.

இவற்றை உறையவைத்துச் சேமிக்க முடியாது. அன்றன்றைக்குப் புதிதாக எடுத்தாக வேண்டும். நோயாளிகளின் ரத்தம் எதிர்ப்புறத்து மருத்துவமனையிலிருந்து வரும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஆரோக்கியமான ரத்தத்துக்கு ஆய்வுக்கூடத்து ஆட்களே கையை நீட்டுவார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது வூலா. கிரேக்கக் குடும்பத்துப் பெண், வாய் ஓயாது, கை மட்டும் பூ மாதிரி. ரத்தம் கொடுத்தால் ஒரு லாமிங்டன் கேக். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் ஆளுக்கு ஓர் எண். நாலாம் எண் யார் என்பது வூலாவுக்குத் தெரியும், ரொவீனாவுக்குத் தெரியும். ஏனென்றால் அது ரொவீனாதான்.

அவளுக்கு இருபது வயதிலிருந்தே சொல்லாமல் கொள்ளாமல் காய்ச்சல் வரும். முட்டி வீங்கும், வாயெல்லாம் புண்ணாகும், ஒரு வாரம் ஆட்டிப்படைத்துவிட்டு வந்த வழியே போய்விடும். டாக்டரிடம் தேதி வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். ரத்தப் பரிசோதனையும் யோக்கியமாக வரும். ஒருவர் மன அழுத்தம் என்றார். ஒருவர் நடைப்பயிற்சி போகச் சொன்னார். கடைசியாகப் பார்த்த நிபுணர், ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, நோயைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு எல்லா நோயும் தங்களுக்கு இருப்பதாகத் தோன்றுமென்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. நாளாக நாளாக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. படுத்துக் கிடந்த நாட்களையெல்லாம் தன் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதிக்கொண்டாள். இப்போது தட்டில் கிடக்கிற இவற்றுக்கு மன அழுத்தம் கிடையாது. இவை யாரிடமும் அனுதாபம் தேடவில்லை. சாகமாட்டோம் என்கின்றன, அவ்வளவுதான்.

பத்து மணிக் கூட்டத்துக்குப் போகும்போதே முட்டி கனத்தது. டெஸ் வெள்ளைப் பலகையில் இரண்டு வரிசைகள் போட்டு வைத்திருந்தார். இடது பக்கம் ஆரோக்கியமானவர்கள், வலது பக்கம் நோயாளிகள். ஆளுக்கு ஒரு புள்ளி, அணுக்கள் எவ்வளவு சாகாமல் மிஞ்சினவோ அவ்வளவு உயரத்தில். ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். கெட்ட மனிதர் இல்லை. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் தன் கையால் லசான்யா சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஆனால் ஆய்வுக் கட்டுரை வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போயாக வேண்டும், வேறொரு நாட்டுக்காரர்கள் முந்திக்கொள்வார்கள் என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இடது வரிசையில் எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காகக் கீழே கூடியிருக்க, நாலாம் எண் மட்டும் உச்சியில் தனியாக நின்று மொத்தப் படத்தையும் கெடுத்தது.

அந்த நாலாம் ஆளைத் தூக்கிவிடலாம், சோதனைக் குழாயில் அசுத்தம் என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார் டெஸ். அசுத்தம் இருந்தாலும் இவை இப்படிச் சாகாமல் கிடக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"குழாய் சுத்தம், டெஸ். ஒவ்வொரு தடவையும் புதுசுலதான் பண்ணேன்" என்றாள் ரொவீனா.

"அப்ப அந்த ஆளுக்கு ஏதாச்சும் சளி புடிச்சிருக்கும். யாருன்னு வூலாவ விட்டு விசாரிச்சுப் பாரு."

"விசாரிக்க வேணாம். நான்தான்."

வூலா தன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுவதைப் போலக் குனிந்துகொண்டாள். டெஸ்ஸின் காது மடல் சிவந்தது. இத்தனை நாள் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லித்தானே கை நீட்டினாய் என்று கேட்டார்.

"டாக்டருங்க சொன்னதத்தான் சொன்னேன். அத்தன பேரும் எனக்கு ஒண்ணுமில்லன்னாங்க. பெரியவங்க பேச்ச நான் எப்படித் தட்டுறது?"

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். டெஸ் சிரிக்கவில்லை. யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அப்ப வேல இன்னும் சுலபமாப்போச்சு. நீ ஆரோக்கியமானவங்க வரிசையில இருக்கவே கூடாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காக ரொவீனா எத்தனை வரவேற்பறைகளில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! அதைச் சொல்வதற்கு ஒரு டாக்டர் கிடைக்கவில்லை, ஒரு படத்தை அழகாக்க நினைத்தவர்தான் கிடைத்தார். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து உடனே கோபமும் வந்தது.

அப்படியானால் வலது பக்கம் மாற்றுங்கள் என்றாள்.

"அது எப்படி? நோயாளின்னா நோய்க்கு ஒரு பேரு வேணும். உனக்கு எந்த டாக்டர் என்ன பேரு வெச்சாரு?"

ஆக, ஆரோக்கியமானவர்களோடு சேர்க்க முடியாத அளவுக்கு நோய் இருக்கிறது. நோயாளிகளோடு சேர்க்கும் அளவுக்கு இல்லை. ஒரு மனுஷி பின்னே எங்கேதான் போய் நிற்பாள்? நேற்று வரை அவள் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கைக்குத் திரும்பியிருப்பாள். இன்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பலகையருகே போய், மேலங்கிப் பையிலிருந்து குழாய்களில் எண் எழுதும் பேனாவை எடுத்தாள். பனிக்கட்டியில் போட்டாலும் தண்ணீரில் ஊறினாலும் அழியாத மை அது. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து, அதன் தலையில் எண் போடாமல் தன் முழுப்பெயரை எழுதினாள். ரொவீனா ட்ரெலோர். அதற்குக் கீழே தன் புள்ளியை, அது இருந்த அதே உயரத்தில் வைத்தாள்.

"இது கட்டுரையில வரணும். நாலாம் எண்ணோட வெள்ளையணு சாகல, காரணம் இன்னும் தெரியலன்னு வரணும். குழாய் அசுத்தம்னு எழுதினா என் பேர எடுத்துடுங்க. எழுதினவங்க வரிசையிலயும் எனக்கு இடம் வேணாம்."

அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு அந்தக் கட்டுரை. அது இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கு நீட்டிக் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. டெஸ்ஸுக்கும் அது தெரியும். இதையெல்லாம் அப்புறம் பேசலாம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். அவர் போட்ட வரிசைகள் இரண்டும் ஒரே இழுப்பில் போய்விட்டன. நடுவில் இருந்தது போகவில்லை. அழுத்தித் துடைத்தார். பிறகு, அங்கே வேலை செய்கிற யாருக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது. கை துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். ஸ்பிரிட் பட்டால் அந்த மை கரைந்துவிடும்.

ரொவீனா ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து பலகையோடு ஒட்டிப் போட்டு, தன் பெயரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. பலகை முதுகுக்குச் சில்லென்று இதமாக இருந்தது.

"என் முட்டி வீங்கியிருக்கு, டெஸ்" என்றாள். "இப்போதைக்கு எழுந்திருக்க முடியாது."

டெஸ் பாட்டிலும் கையுமாக நின்றார்.