ஒலிபெருக்கி வந்த நாள்

பார்சல் அறைக்குள் நின்ற வரதராஜாவுக்கு வெளியே கைதட்டுவது கேட்டது. புதிய ஸ்டேஷன் மாஸ்டருக்கான கைதட்டல்.

இலங்கையில் அவரும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நாலில் சிட்னிக்கு வந்தபோது அந்த அனுபவத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நகரின் மேற்கே பரமட்டாவுக்கு அப்பால், மாடு மேய்ந்த வெளிகளை வீட்டு மனைகளாக வெட்டிக்கொண்டிருந்த இடத்து ஸ்டேஷனுக்கு உதவியாளராக அனுப்பினார்கள். அங்கே போக வேறு எவரும் சம்மதிக்கவில்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பலகை மேடை, சுற்றிலும் செம்மண் சேறு. டிக்கெட் கொடுப்பதும் பெட்டி இறக்குவதும் கழிப்பறை கழுவுவதும் அவரே. வேலிகள் வந்தன, பாடசாலை வந்தது, இறைச்சிக்கடை வந்தது. புதிதாக வந்திறங்கிய கிரேக்கரும் இத்தாலியரும் டாக்டர் எங்கே, வீட்டுக்குத் தண்ணீர் இழுக்க யாரைப் பார்ப்பது என்று அவரிடம்தான் கேட்டார்கள்.

ஊர் பெருத்ததும் ஸ்டேஷனுக்குப் புதுக் கட்டடமும் ஸ்டேஷன் மாஸ்டர் பதவி ஒன்றும் வந்தன. உன்னை விட்டால் வேறு யார் என்று இன்ஸ்பெக்டர் தோளில் தட்டிவிட்டுப் போனார். வரதராஜா அதை நம்பி மனைவி யோகாவிடம் சொன்னார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஈரத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த யோகா, வென்ட்வேர்த்வில்லில் தெரிந்த இரண்டு குடும்பங்களுக்கும் சொல்லிவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்திய கிழமை இன்ஸ்பெக்டர் திரும்ப வந்தார். இனி ஒலிபெருக்கி வருகிறது, உன் உச்சரிப்பு பயணிகளுக்கு விளங்காது என்றார். அதுவரை அந்தக் குரலிடம்தான் ஊரே வழி கேட்டிருந்தது. பதவி, போன வருடம் வேலைக்குச் சேர்ந்த வெள்ளைக்காரப் பையன் கீத்துக்குப் போனது. டிக்கெட் வெட்டக்கூட அவனுக்கு வரதராஜாதான் பழக்கியிருந்தார்.

பார்சல் அறைக் கதவு திறந்தது. பட்டுச் சேலையில் யோகா, கையில் வடைச் சட்டி. பின்னால், அவள் அழைத்திருந்த வென்ட்வேர்த்வில் விருந்தாளிகள் வெயிலில் நின்றார்கள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன கிழமை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எல்லாருக்கும் சொல்லிட்டாய்."

யோகா நேரே பிளாட்பாரத்துக்குப் போய், சட்டியைத் திறந்து, கீத்தின் முன் நீட்டினாள். அவன் ஒன்றை எடுத்துக் கடித்து, நல்ல உறைப்பு என்று சிரித்தான். இன்ஸ்பெக்டரும் எடுத்தார். சட்டி காலியாகும் வரை அவள் ஒவ்வொருவர் முன்னும் நின்றாள்.

பரமட்டா ரயில் வந்தது. கீத் விழாப் படத்துக்கு நின்றுகொண்டிருந்ததால் வரதராஜாவைக் கூப்பிட்டு ரயிலை அனுப்பச் சொன்னார்கள். விருந்தாளிகள் ஏறினார்கள், அவரோடு வீடு திரும்ப வேண்டிய யோகாவும் ஏறினாள். அவர் கொடியை உயர்த்தினார். அவள் இருந்த பெட்டி அவரைக் கடந்து போனது. கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய பின்னல் மட்டும் தெரிந்தது. முகம் மற்றப் பக்கம், முடிக்காத வீடுகளின் பக்கம் இருந்தது.