விழுகிற பக்கம்

குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில். இந்தமுறை வந்த கதை சக்கர நாற்காலிக் கூடைப்பந்து பற்றியது. வீட்டிலேயே ஓர் ஆட்டக்காரன் இருக்கும்போது வெளியே எதற்கு ஆள் தேட வேண்டும் என்று, அண்ணனை வைத்தே பன்னிரண்டு பக்கம் வரைந்துவிட்டாள்.

கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்த அண்ணன், தாள்களை மடியில் வைத்துப் புரட்டினான்.

“யாரு இது?”

“நீதான்.”

“எல்லாப் பக்கத்துலயும் பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கேனே, பற்பசை விளம்பரமா?” நாற்காலியின் முதுகுப் பக்கத்தில் விரலை வைத்தான். “விளையாடுற நாற்காலிக்குத் தள்ளுற கைப்பிடி கிடையாது. சக்கரமும் நேரா நிக்காது, கீழ்ப்பக்கம் அகலமா சாஞ்சிருக்கும். ஒரு ஆட்டமாவது வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவள் தாள்களை வாங்கி அடுக்கினாள். ஆறு வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தவள். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒருநாள் அவன் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தபோது பக்கத்தில் இருந்தது அவள்தான். இன்னொரு முறை அதைப் பார்க்கத் தெம்பில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு அண்ணியோடு போனாள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரணிக்காரன் குறுக்கே பாய்ந்தான். இரண்டு நாற்காலியும் முட்டிக்கொள்ள, அண்ணன் நாற்காலியோடு தடாலென்று பக்கவாட்டில் சாய்ந்தான்.

அவள் எழுந்தேவிட்டாள். அண்ணி கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு. இப்ப போனா உன்னைத்தான் திட்டுவாரு.”

இடுப்பை நாற்காலியோடு இறுக்கிக் கட்டியிருந்தது வார். அண்ணன் ஒரு கையைத் தரையில் ஊன்றினான், மூச்சைப் பிடித்து ஓர் உந்து உந்தினான், நாற்காலியோடு நிமிர்ந்தான். நிமிர்ந்த கையோடு நடுவரிடம் சண்டைக்குப் போனான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அன்றைக்கே எல்லாவற்றையும் திரும்ப வரைய உட்கார்ந்தாள்.

பதிப்பகத்து அம்மாள் போனில் தயங்கினார். “விழற படம் வேணுமாம்மா? பிள்ளைங்க பயப்படுமே?”

“அடுத்த பக்கத்துல எழுந்துடறான் மேடம். அதுக்கப்புறம் சண்டை போடறான்.”

எப்படியோ பேசி அந்தப் பக்கத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

புத்தகம் வந்த அன்று, அண்ணன் தன் ஐந்து வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினான். விழுகிற பக்கம் வந்ததும் குழந்தை அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டது.

“வலிச்சுதா அப்பா?”

அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் அவனிடம் கேட்டிராத கேள்வி. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள்.

“வலிச்சுது,” என்றான் அண்ணன். “நல்லாவே வலிச்சுது.”

குழந்தை அவன் தோளைத் தடவிக் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பியது.